217-க்கு ‘ஆச்சு’ சொன்னவன்

பரமத்தி சுப்பணன் ஐயா ஒரு சனிக்கிழமை காலையில் எழுந்து, எட்டு மாதத்துக்கு முன்பே செத்துப்போன எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனார். கட்டுத்தறி காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும் யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊரைக் கூட்டிவிட்டார். கூடிய ஊர்தான் அந்த எருமையைக் குழி வெட்டிப் புதைத்த ஊர். அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், அவர் கேட்பதாக இல்லை. கடைசியில் தொட்டிலில் கிடந்த சொந்தப் பேரனைக் காட்டி, “இது ஆரூட்டுக் கொழந்தை?” என்று அவர் கேட்டபோதுதான் மருமகளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

“சார், மாமா காதுக்குப் பின்னால இருக்கற பொட்டி, மழையில மூணு நாள் கரண்ட் இல்லாம அணைஞ்சு போச்சுங்க. இன்னிக்குச் சார்ஜ் ஏத்திப் போட்டுவிட்டோம். போட்டதுல இருந்து இப்படித்தான் பேசறாருங்க. அவருக்கு இது தை மாசமாம்.”

அன்றைக்கு மார்கழி நாலாம் தேதி.

“பயப்படாதீங்க, சின்னக் கோளாறாத்தான் இருக்கும்” என்றேன். எங்கள் தொழிலில் இதைச் சொல்வதற்குக் காரணம் எதுவும் வேண்டாம், வாயில் தானாக வரும். போனை வைத்ததும் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். சுப்பணன் ஐயாவுக்கு நாங்கள் பெட்டி மாற்றிக் கொடுத்தது தை மாதம்.

என் பெயர் நாச்சிமுத்து. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு, பழைய ஞாபகமெல்லாம் இருக்கும், புதிதாக ஒன்றும் தங்காது. அவர்களுக்காக வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நினைவுத் துணை என்று ஒரு கருவி செய்தது. மண்டைக்குள் அரிசி அளவில் ஒரு தகடு, காதுக்குப் பின்னால் பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அன்றன்றைக்கு நடப்பதைப் பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது திருப்பித் தரும். நம் நாட்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதை மாட்டிக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் அந்த நிறுவனம் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. பெட்டியின் ஆயுள் ஐந்து வருடம். உள்ளே ஓடும் நிரல் பூட்டிய நிரல், சாவி யாரிடமும் இல்லை. அது அந்தப் பெட்டியின் சொந்த இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும்.

நாங்கள் புதுப் பெட்டி செய்தோம். அதில் இருந்தது வேறு இயங்குதளம். பழைய நிரலை அதில் ஓட வைக்க, நடுவில் ஓர் இணக்கப் படலம் எழுதினோம். எழுதியவர்களில் முதல் ஆள் நான். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி என் மனைவி எழிலரசி.

இனி இதை மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். நறுமுகை. நாலு வயது. அந்த வருடம் ஊருக்குள் மூளைக்காய்ச்சல் வந்தபோது குழந்தைகளுக்கு இரண்டு தவணை ஊசி போடச் சொன்னார்கள். முதல் தவணையை எழில் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டாவது தவணை அன்று, திருப்பூரில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் கப்பலுக்குச் சரக்குப் போகிற நாள். நான் வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். மதியம் போன் செய்தாள்.

“ஏனுங்க, பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சுங்களா?”

“ஆச்சு” என்றேன்.

நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பில்தான் சொன்னேன். மறுநாள் போனால் மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே நாளில். மகளை மண்ணில் வைத்துவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது எழிலுக்கு நினைவு திரும்பியிருந்தது. ஆனால் அதன் பிறகு அவளிடம் எதுவும் தங்கவில்லை. எட்டு மாதம், தினம் காலையில் எழுந்து “பாப்பா எங்கீங்க?” என்று கேட்டாள். தினம் சொன்னேன். தினம் புதிதாகக் கேட்டவள் மாதிரி அழுதாள், அவளுக்குப் புதிதுதானே. சில நாள் மனசு கேட்காமல், பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

பிறகு நினைவுத் துணை வந்தது. மகள் இல்லை என்பது ஒருவழியாக அவளிடம் தங்கியது. தங்கிய மூன்றாம் மாதம் அலமாரியில் தடுப்பூசி அட்டையைப் பார்த்தாள். இரண்டாம் தவணைக் கட்டம் வெறுமனே இருந்தது. அட்டையை என் முன்னால் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் தலையைத் தூக்கவில்லை. மறுநாள் பொள்ளாச்சியிலிருந்து அவள் அண்ணன் தெய்வசிகாமணி கார் எடுத்துக்கொண்டு வந்தார். நாலு வருடத்துக்கு மேல் அவள் குரலை நான் கேட்கவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்ததே அவள் பெட்டிக்கு ஆயுள் முடிகிறது என்பதால்தான். லாரன்ஸ் சார், எங்கள் முதலாளி, நேர்காணலில் “ஏன் இங்க வரணும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டதற்கு ஏதோ பெரிய வார்த்தையெல்லாம் சொன்னேன். உண்மை அவ்வளவுதான்.

போன தை மாதம் பெட்டி மாற்ற அண்ணனோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாற்றிய பிறகு ஒரு வருடத்துக்கு வியாழக்கிழமை தோறும் வந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வேறு ஆளைப் போடட்டுமா என்று லாரன்ஸ் சார் கேட்டார். அவள் அண்ணனைப் பார்த்து, எனக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“எழுதுனவரே பார்க்கட்டும்ண்ணா. நாளைக்குப் பழுதுன்னா ஆரைக் கேக்கறதுன்னு தெரியோணும்.”

சரிபார்ப்பது என்றால் இருபத்தைந்து கேள்விகள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், வரும் வழியில் பார்த்த மூன்று பொருள்கள் எவை, இப்படி. அவள் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லுவாள், நான் காகிதத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுவேன். பத்தொன்பதாவது கேள்வியை மட்டும் தாண்டிவிடுவேன். ஆறாவது வாரம் அவள் கேட்டாள்.

“பத்தொன்பதை ஏன் தாண்டறீங்க? கேளுங்க.”

“நீங்கள் தூக்கி வளர்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று வாசித்தேன். எழுத்து கலங்கியது.

“தோசையில ஓட்டை போட்டுக் கண்ணுல வச்சுக்குவா” என்றாள் எழில்.

“அந்த ஓட்டை வழியா என்னைப் பார்த்து, நீங்க ஆருங்கன்னு கேப்பா” என்றேன் நான்.

அன்றைக்கு மிச்சக் கேள்விகளைக் கேட்கவில்லை.

அதன் பிறகு வியாழக்கிழமைகளில் பேச்சு வளர்ந்தது. ஒருநாள், “என்ற தலைக்குள்ள என்னதான் பண்ணி வச்சிருக்கீங்க? புரியற மாதிரிச் சொல்லுங்க பார்க்கலாம்” என்றாள்.

“இந்த இயங்குதளமெல்லாம் யுனிக்ஸ்னு ஒரே வம்சம். பங்காளி வீடுன்னு வச்சுக்க. உன்ற பொட்டியில இருக்கற நிரல் அந்த வீட்டு மருமக. இப்ப அவளைப் பங்காளி வீட்டுல கொண்டாந்து சமைக்க விட்டிருக்கோம். அதே அடுப்பு, அதே கரண்டி. ஆனா உப்பு டப்பா இருக்கற எடம் வேற. அவ ஏழாம் நம்பர் டப்பாவைக் குடுன்னு கேப்பா, இந்த வீட்டுல ஏழுல இருக்கறது மொளகாத்தூள். நடுவுல ஒரு ஆள் நின்னுக்கிட்டு அவ கேக்கறதைப் புரிஞ்சு சரியானதை எடுத்துக் குடுக்கோணும். அதுதான் படலம்.”

“மருமகளுக்கு இது வேற வீடுன்னு தெரியாதா?”

“தெரியக் கூடாது. தெரிஞ்சா சமைக்க மாட்டா.”

“இந்த வீட்டுல இல்லாத சாமானைக் கேட்டா?”

“இல்லைன்னு சொன்னாச் சில சமயம் கரண்டியைக் கீழ போட்டுட்டுப் போயிருவா. அதனால, பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு தோணுற எடத்துல மட்டும்...” சொல்ல வந்ததை நான் முழுங்கியிருக்க வேண்டும். “ஆச்சுன்னு சொல்லிருவோம்.”

எழில் என் பக்கம் திரும்பினாள். “அந்த வார்த்தையை நீங்க விடவே மாட்டீங்களா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள்.

ஆவணியில் நறுமுகையின் பிறந்த நாள் வந்தது. எழில் தானாகவே வீட்டுக்கு வந்தாள். அலமாரியைத் திறந்து, நான் ஐந்து வருடமாகத் தொடாமல் வைத்திருந்த கவுன்களை எடுத்து வெளியே போட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து மடித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது, சிலது அவளுக்குத் தெரியும், சிலது எனக்கு மட்டும் தெரியும். மதியம் நான் ஆக்கிய அரிசியும்பருப்பும் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, “உப்புக் கம்மி” என்றாள். கை கழுவி வந்து வாசற்படியில் நின்றபடி சொன்னாள்:

“இனி அதைச் சொல்லிக் காட்ட மாட்டனுங்க. மறக்கலை. மறக்கவும் மாட்டன். ஆனாச் சொல்லிக் காட்ட மாட்டன்.”

எங்கள் பக்கத்தில் மன்னிப்பு என்றெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இதுதான் அது. அடுத்த வாரம் துணிப்பையோடு வந்துவிட்டாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. நாலு மாதம் நான் மனுஷனாக இருந்தேன்.

சுப்பணன் ஐயாவின் பெட்டியை வரவழைத்து நாலு நாள் பிரித்து மேய்ந்தாள் ஃபர்ஹானா. எங்கள் அலுவலகத்தில் பிழை பிடிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. ஐந்தாம் நாள் காலை என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“நாச்சிண்ணா, நிரல் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல இருநூத்திப் பதினேழாம் நம்பர்ல ஒரு அழைப்பு விடுது, ஏதோ செஞ்சு குடுன்னு. அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அதுக்கு ஆவணமே கிடைக்கலை. இல்லைன்னு பதில் குடுத்தா நிரல் நின்னு போச்சு. ஆச்சுன்னு குடுத்தா ஓடுச்சு.”

“அது என்னன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன்.” அவள் மெதுவாகச் சொன்னாள். “இதுவரைக்கும் வந்த ஞாபகத்தை நிரந்தர இடத்துல எழுது, எழுதி முடிச்சதை உறுதி பண்ணிட்டு வந்து சொல்லுன்னு கேக்குதுண்ணா. நாம எழுதாமலே ஆச்சுன்னு சொல்லிட்டு இருக்கோம். பதினோரு மாசமா.”

திரையில் என் வரி இருந்தது. பூஜ்யத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஒற்றை வரி. பூஜ்யம் என்றால் எங்கள் உலகில் வெற்றி. அதற்குப் பக்கத்தில் நானே எழுதிய குறிப்பு: பிறகு பார்க்கலாம் – நா.மு.

அப்படியானால் சோதனையில் எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். நூறு தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தோம். பழைய ஞாபகங்கள் ஒன்றுகூடப் பிசகாமல் வந்தன. ஆனால் சோதனை மேசையில் இருந்த பெட்டிக்கு வாழ்க்கை கிடையாது. புதிதாக நினைவு வைத்துக்கொள்ள அதற்கு ஒன்றும் நடக்கவில்லை. மனிதர்களுக்கு மாட்டிய பிறகு, தலை சுற்றும் என்று யாருடைய பெட்டியையும் நாங்கள் அணைத்துப் பார்க்கவில்லை.

“அப்ப இந்தப் பதினோரு மாசம் எங்க இருக்கு?”

“தற்காலிக இடத்துல. அணைச்சாப் போயிடும். அணைக்காம விடவும் முடியாது, அந்த இடம் நிரம்பிட்டு வருது. நிரம்பினா நிரல் நின்னுடும், அவங்களுக்கு வலிப்பு வரும்.”

“ஓடும்போதே படலத்தை மாத்த முடியாதா?”

“அணைச்சுட்டுத்தான் மாத்தணும்.”

“பிரதி எடுத்து வச்சுட்டா?”

“எடுக்கலாம். ஆனா தற்காலிக இடத்தைப் பூட்ட, ஒவ்வொரு தடவை முழிக்கும்போதும் அது புதுசா ஒரு சாவி பண்ணிக்குது. பழைய சாவியில பூட்டினதைப் படிக்காது. நாம எடுத்து வைக்கிறது வெறும் இரைச்சல்தான்.” அவள் கண் நிறைந்துவிட்டது. “அண்ணி பெட்டியில இன்னும் ஒன்பது நாளைக்குத்தான் இடம் இருக்குண்ணா.”

217-ஐ ஒழுங்காக எழுத எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. பதினோரு வரி. அந்த நாற்பது நிமிடத்தை நான் போன வருடம் செலவழித்திருக்கலாம். இதை எழுதும்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

லாரன்ஸ் சார் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் அனுப்பக் கடிதம் ஒன்று தயார் செய்தார். பழைய நிறுவனத்தின் நிரலில் இருந்த குறைபாடு என்று ஆரம்பித்தது.

“சார், நிரல் எழுதச் சொல்லித்தான் கேட்டுச்சு. நாமதான் எழுதியாச்சுன்னு சொன்னோம்” என்றேன்.

“கம்பெனி மூழ்கிடும்யா.”

“மூழ்கட்டும் சார். காரைக்குடியில ஒரு பையனுக்குப் போன வைகாசியில கல்யாணம் ஆயிருக்கு. முழிச்சா அவனுக்குப் பொண்டாட்டி யாருன்னு தெரியாது. அவளுக்காவது உண்மை தெரிய வேண்டாமா?”

அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிப் படித்தார். பிறகு முதல் பத்தியை அடித்துவிட்டு, என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். என் பெயரைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எழில் சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 217, ஒன்பது நாள், என் குறிப்பு, எதையும் விடவில்லை. அவள் கை நிற்கவே இல்லை. கூடையில் இருந்தது தீர்ந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“பாப்பா போனது எனக்கு ஞாபகம் இருக்குமா?”

“இருக்கும். அது பழைய பொட்டி எழுதுனது.”

“நீங்க சொன்ன பொய்யி?”

“இருக்கும்.”

“அந்த அட்டையை நான் பார்த்தது, அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனது?”

“எல்லாம் இருக்கும்.”

“அப்பப் போறது என்னங்க?”

அவளே சொல்லிக்கொண்டாள்.

“நம்ம ரண்டு பேரும்.”

பிறகு அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். தள்ளிவிடவில்லை.

நாலு நாள் கழித்து ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வந்தேன். நாங்கள் அனுப்பிய கடிதத்தில் எல்லாருக்கும் சொன்ன யோசனைதான் அது: மறக்கக் கூடாததை உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள், விழித்த பிறகு படித்துக்கொள்ளலாம். எழில் எழுத ஆரம்பித்தாள். மூக்குக்கண்ணாடி மாற்றியது, அண்ணன் மகளுக்கு நிச்சயம் ஆனது, பொள்ளாச்சியில் பெரியம்மா இறந்தது, சீட்டு எடுத்தது எல்லாம் எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டாள்.

“நம்மளைப் பத்தி?” என்றேன். கேட்கும்போதே கூச்சமாக இருந்தது.

“எழுத மாட்டனுங்க.”

“ஒரு வரி. உன்ற கையெழுத்துல இருந்தா முழிச்சு வர்றவ நம்புவா.”

“அதுக்குத்தான் எழுத மாட்டேன்னு சொல்றன்.” நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். “எந்திரிச்சு வர்றவ ஆரு? அட்டையைப் பார்த்துட்டு நாலு வருசமா வெந்துக்கிட்டு இருக்கறவ. அவகிட்டப் போயி, நீ மன்னிச்சாச்சும்மா, இந்தா கையெழுத்துன்னு நான் குடுத்தா, அவ அதை நம்பிக்கிட்டு உங்களுக்குச் சோறு ஆக்கிப் போடுவா. உள்ள ஒண்ணுமே நடந்திருக்காது. நீங்க அந்தப் பொட்டிக்குப் பண்ணுனதையே நான் அவளுக்குப் பண்ணோணுமா?”

நான் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

“எனக்கு ஏழு மாசம் ஆச்சுங்க. ஒவ்வொரு வியாழக்கெழமையும் உங்க முன்னால வந்து உக்காந்து, வயிறெரிஞ்சு, திட்டோணும்னு நெனச்சுத் திட்டாமப் போயி, அப்பறந்தான் வந்துச்சு. அவளுக்கும் வந்தா வரட்டும். வரலைன்னா விட்டுருங்க. நீங்களும் சொல்லக் கூடாது. அண்ணனும் சொல்லக் கூடாது.”

“அவளே கேட்டா?”

“கேட்டாலும் சொல்லக் கூடாது.” உள்ளங்கையை நீட்டினாள். “கையில அடிச்சுச் சொல்லுங்க.”

அடித்துச் சொன்னேன். என் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். “உங்க வாயில இருந்து ஆச்சுன்னு வந்தா, அது உண்மையாவே இருந்தாலும் அவளுக்கு ஆகாதுங்க. அது உங்களுக்கே தெரியுமல்ல?” என்றாள். தெரியும் என்று தலையாட்டினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டிகளைத் திறந்து பார்க்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. நிரந்தர இடத்தில் எழுதப்பட்டவை தேதி வாரியாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். படிக்க முடியாது, ஆனால் அழிக்க முடியும். எழில் அட்டையைப் பார்த்த நாள் எனக்குத் தெரியும். கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்தக் கட்டத்தைத் தேடி எடுத்துத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு விசை போதும், விழித்து வருகிறவளுக்கு நான் மகளை இழந்த ஒரு அப்பாவாக மட்டும் இருப்பேன். அதை மூடியது நான் நல்லவன் என்பதால் இல்லை. பக்கத்தில் ஃபர்ஹானா வந்து நின்றதால் மூடினேன். அவள் அதற்குள் திரையைப் பார்த்திருந்தாள். அன்று முழுதும் என் பக்கத்திலேயே வேலை இருப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்தோம். தெய்வசிகாமணி மச்சான் பொள்ளாச்சியிலிருந்து நேராக வந்திருந்தார். போன தடவை பெட்டி மாற்றிய அதே அறை. எழில் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். என் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைச் சரி செய்தாள்.

“போயிட்டு வரட்டுங்களா?” என்றாள்.

இந்த ஊரில் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். அவளுக்கும் எனக்கும் தெரியும், இவள் வரப் போவதில்லை.

ஃபர்ஹானாதான் அணைத்தாள். புதுப் படலத்தை ஏற்ற ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் எழில் கண்ணைத் திறந்தபடி, எதிலும் தங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் சுவரோடு சாய்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெட்டியில் பச்சை விளக்கு வந்தது.

“அண்ணா, முடிஞ்சுதுங்களா? வந்து உக்காந்து அஞ்சு நிமிசங்கூட ஆகலையே” என்றாள் எழில், மச்சானைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்தாள். முகம் சட்டென்று மூடிக்கொண்டது. ஐந்து வருடத்துக்கு முன் அட்டையை வைத்துவிட்டுப் பார்த்த அதே முகம். பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள்.

நடந்ததை ஃபர்ஹானா எடுத்துச் சொன்னாள். பதினோரு மாதம் போய்விட்டது என்று கேட்டதும் எழில் பதறவில்லை, எட்டு மாதம் தினமும் இழந்தவள் அவள். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். பெரியம்மா இறந்த இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது.

“இதுல இவரைப் பத்தி ஒண்ணுமே இல்லையே” என்றாள் அண்ணனிடம். அவர் தரையைப் பார்த்தார்.

என் பக்கம் திரும்பினாள். “வாராவாரம் வந்துட்டுப் போனனுங்களா?”

“ஆமா.”

“உங்ககிட்டப் பேசுனனா?”

“கேள்வி கேக்கோணும். அதுக்குப் பதில் சொன்னே.”

“அவ்வளவுதானா?” அவள் என் கண்ணை நேராகப் பார்த்தாள். “மறைக்காமச் சொல்லுங்க. பாப்பா விசயத்துல நான் உங்களை மன்னிச்சனா?”

மச்சான் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் வாழ்க்கையில் நான் சொல்லக்கூடிய உண்மையான ஆமாம் அது ஒன்றுதான். நாக்கு நுனியில் நின்றது. ஆவணி மாதத்துக் கவுன்கள், வாசற்படி, என் கையை விடாமல் பிடித்திருந்த கை, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. நான் நின்றேன்.

“சரி, புரிஞ்சுதுங்க” என்றாள் எழில். நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகில் போய், திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: “இன்னும் வியாழக்கெழமை வரோணுமா?”

“வரோணும். மொதல்ல இருந்து ஒரு வருசம்” என்றேன்.

“வேற ஆளைப் போடச் சொல்லுங்க.”

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஃபர்ஹானா அழுதுகொண்டே திரையைப் பார்த்தாள். இந்த முறை எல்லாம் சரியாகத்தான் ஓடியது. பெட்டி 217-ஐ அழைத்திருந்தது, என் படலம் எழுதியிருந்தது, எழுதியதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு பதில் சொல்லியிருந்தது. பத்து நாற்பத்தொன்றுக்கு எழுதிய கட்டம் திரையில் இருந்தது. மன்னிச்சனா என்று அவள் கேட்டதும், நான் வாய் திறக்காமல் நின்றதும் அதற்குள் இருக்கின்றன. இனி பெட்டியை அணைத்தாலும் அது போகாது.